பெயர் எழுதாத சீட்டு

கும்மிடிப்பூண்டி
20.2.2008

அம்முலு,

உன் கடிதம் வந்தது. அதற்குள் நீ கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்த மூன்று தாள்களும் வந்தன. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். மூன்றிலும் உன் அண்ணன் படம் இருக்கிறது. கபடிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு பாய்கிற படம். ஒரு தாளில் மட்டும் படம் கறுப்பாக விழுந்திருக்கிறது. அதை ஏசு படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மற்ற இரண்டையும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இனி எழுதுவதே நல்லது. செல்வி கடை போனில் பேசினால் முட்டை வாங்க வந்தவள், பீடி வாங்க வந்தவன் எல்லாரும் கேட்கிறார்கள். போன மாதம் உன் அண்ணனைப் புதைத்த மறுநாள் நீ போனில் கத்தியது வெளியே நின்றவர்களுக்கே கேட்டது. "இந்தியாவுக்கு ஆடினவனுக்கு ஒரு புதுக் குழி கூட இல்லியா? பழைய குழியைத் தோண்டித்தான் போடணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். செல்வி ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பது ஒன்று. உங்கப்பா ஊத்துக்கோட்டையில் அவர் ஜனத்தோடு படுத்துவிட்டார். இங்கே நமக்கென்று இருப்பது அந்த ஒரு குழிதான். அதில் நம் வீட்டுக் குழந்தை இருக்கிறது, உனக்கும் தெரியும். வேறு யாரோடோ போட்டமாதிரி நீ பேசியது எனக்கு ஆறவில்லை.

உன் பாஸ்போர்ட்டை மஸ்கட் ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், வருஷம் முடியாமல் லீவு இல்லை, வர முடியவில்லை. அதற்கு நான் உன்னைக் குறை சொன்னேனா? புதுவாயல் கூட்ரோட்டில் கம்பி ஏற்றின லாரி அவன் வண்டிமேல் ஏறும்போது நானும்தான் கூட இல்லை. கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

பிறந்த தேதி ஒன்றில் 1982, ஒன்றில் 1984, ஒன்றில் சூளூர்பேட்டையில் பிறந்தான் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். சரியானதை எழுதி அனுப்பு, நான் மாற்றுகிறேன் என்கிறாய். சூளூர்பேட்டை பொய். அதை எடுத்துவிடு. தேதியை விட்டுவிடு. செத்தவனுக்கு வயது எதற்கு?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா
கிரேஸ்


மஸ்கட்
9.3.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

கத்தினதற்கு மன்னித்துக்கொள். அன்றைக்கு டியூட்டியில் இருந்தேன். ஒரு கிழவிக்கு உடம்பு துடைத்துக்கொண்டே அழுதேன். அந்த அம்மா அரபியில் என்னமோ சொல்லி என் தலையைத் தடவியது.

தேதியை விடு என்று நீ எழுதியதுதான் எனக்குப் புரியவில்லை. நான் அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. மண் போடவில்லை. இங்கே ஹாஸ்டலில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒரு ஆளுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில் அவனுக்காகச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

உனக்குப் புரிகிறமாதிரி சொல்கிறேன். நெட்டில் அவனைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், அடுத்தவர் எழுதியதை மாற்றலாம். கபடி சங்கத்து லிஸ்டில் இருக்கிறபடி நான் 12.6.1984 என்று போடுகிறேன். மறுநாள் வந்து பார்த்தால் 1982 என்று இருக்கிறது. 'ஏழாம் நம்பர்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவன் மாற்றுகிறான். ஏழு, அண்ணன் பனியன் நம்பர். யாரோ ரசிகன். ஆதாரம் என்ன என்று கேட்டேன். 'அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் நான், இது போதாதா?' என்று எழுதுகிறான். இப்படி நூறு பேர் சொல்வார்கள். ஆதாரம் இல்லாத பொய்யன் என்று எழுதிவிட்டேன். ஏழு தடவை அவன் மாற்றினான், ஏழு தடவை நான் திருப்பினேன்.

பக்கத்தில் நல்லதும் இருக்கிறது. 'ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் மண்ணைத் தொட்டு முணுமுணுப்பார், தாய்நாட்டின் மேல் அவ்வளவு பக்தி' என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது பெருமையாக இருந்தது.

பள்ளிக்கூடத்து சர்டிபிகேட் இருந்தால் காப்பி எடுத்து அனுப்பு. இல்லாவிட்டால் கல்லறையில் கல் வைத்ததும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். கல்லில் வெட்டினதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

நீ ஏதோ மறைக்கிறாய். அண்ணன் விஷயத்தில் என்னிடம் மறைக்க உனக்கு என்ன இருக்கிறது?

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
14.4.2008

அம்முலு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரியோடு நிற்கிறேன். இன்றைக்குக் கம்பெனி லீவு. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நீ முழுக்கப் படித்து முடிக்கும் வரைக்கும் எதையும் செய்யாதே.

உன் ஏழாம் நம்பர் யார் என்று உன் கடிதத்தில் ஒரே தட்டு என்று படித்தவுடனே தெரிந்துவிட்டது. என் வீட்டுத் தட்டுதானே. பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற பாக்கியராஜ். நான் கடைக்குப் போனேன். அவன் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரவைத்தான்.

"நெட்டுல பென்னி தேதிய மாத்துறது நீதானாடா?"

"ஆமா பெரிம்மா. எவனோ ஒருத்தன் குந்திகினு, என் செட்டுப் பையன சின்னப் பையன் ஆக்கிகினு கீறான். உட முடியுமா? ஏழு வாட்டி மாத்திட்டேன்."

"எவனோ இல்லடா. அம்முலு."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அடக்கத்துக்கு அப்புறம் அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "அம்முலுவா? மஸ்கட்டுக்குப் போய் என்னைப் பொய்யன்னு எழுதிக்கினு கீதா அது? மூக்கு ஒழுகிக்கினு எங்க பின்னாடியே வரும் பெரிம்மா அது." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அதுக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமில்ல? நான் சித்திரை, அவன் எனக்கு முன்னாடி பங்குனி. எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும். எம்பத்தி ரெண்டுதானே?"

"எம்பத்தி ரெண்டுதான். நீ எழுதனது நெஜம். அதான் வேணான்றேன்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னேன். அவனிடம் சொன்னதை இப்போது உனக்குச் சொல்கிறேன்.

நம் வீட்டில் செத்த குழந்தை அண்ணனுக்கு முந்தினது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அப்படி நினைக்கும்படி விட்டுவிட்டேன். அவன் அண்ணனுக்கு அடுத்தவன். ஆசீர் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம், வீட்டில் சின்னான். பதினோரு மாதத்தில் பேதி வந்து போனான். சூளையில் கல்லறை இல்லை, என் பிறந்த ஊர் என்று இங்கே கொண்டுவந்து புதைத்தோம். அப்புறம்தான் நீ பிறந்தாய்.

பென்னி சோழவரம் பக்கம் செங்கல் சூளையில் ஓலைக் குடிசையில் பிறந்தவன். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள். பிறந்த சீட்டு எதுவும் கிடையாது. சின்னான் பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிறந்தான். அவனுக்குச் சீட்டு கொடுத்தார்கள். அதை அரிசி டப்பாவில் வைத்திருந்தேன்.

சூளை வேலை விட்டு இங்கே வந்து பென்னியை ஒன்றாவதில் சேர்க்கப் போனபோது அவனுக்கு ஏழு வயது. வாத்தியார் பிறந்த சீட்டு கேட்டார். எனக்கு அந்தச் சீட்டு நம் வீட்டுச் சீட்டு, அவ்வளவுதான் தெரியும். ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒன்று என்று நினைத்தேன். கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "இதுல ஆண் குழந்தைன்னு மட்டும்தானே போட்டுக்குது, பேரு எங்கம்மா?" என்றார். "பேரு அப்புறமாதான் சார் வெச்சோம்" என்றேன். அது உண்மைதான். அப்பா பெயர் தானியேல், அம்மா பெயர் கிரேஸ் என்று இருந்தது. அதுவும் உண்மைதான். அவர் பென்னி என்று ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். "அஞ்சு வயசுக்கு நல்ல ஒசரம்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. சீட்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

சின்னானுக்கு ஒரு போட்டோ கிடையாது. உலகத்தில் அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு காகிதம். அதையும் எடுத்துப் பெரியவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

பென்னிக்குத் தெரியாது என்று நினைக்காதே. 2003-ல் ஜூனியர் டீமுக்குச் செலக்சன் வந்தபோது தேதியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான். அழுதுகொண்டே சொன்னேன். முதலில் சிரித்தான். "யம்மா, தம்பி சீட்டுலயா நான் இஸ்கூலுக்குப் போனேன்?" என்றான். "இருவது வயசுக்கு மேல ஆடக்கூடாதும்மா. எனக்கு நெஜமா வயசு தாண்டிச்சு. நான் வரலன்னு சொல்லிடட்டா?" என்று கேட்டான்.

நான் "ஆடு" என்றேன்.

அவன் கேட்டான் அம்முலு. நான்தான் ஆடு என்றேன். தங்கம் வாங்கி வந்து என் கழுத்தில் போட்டான். அது இங்கே சுவரில் தொங்குகிறது. நான் அந்தச் சுவருக்கு முதுகு காட்டிப் படுக்கிறேன்.

மண்ணைத் தொட்டு முணுமுணுப்பான் என்று எழுதியிருக்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். "சின்னான், வாடா, போலாம்" என்பான். அவ்வளவுதான்.

பாக்கியராஜ் எல்லாம் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தான். "நான் இனிமே மாத்த மாட்டேன் பெரிம்மா" என்றான். வெளியே வரும்போது, "எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றான். கூடச் சாப்பிட்டவன் வாயை நானே அடைத்துவிட்டு வந்தேன்.

இன்னும் முடியவில்லை. நேற்று கல் வைத்தார்கள். செலவெல்லாம் சங்கத்துச் செயலாளர் தேசப்பன். வெள்ளைத் துணி போட்டு மூடி, என் கையால் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். பென்னி தானியேல், கபடி வீரர், பிறப்பு 12.6.1984 என்று வெட்டியிருந்தது.

"தேதி எங்கேந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா கிரேஸம்மா இப்டி கேக்கற? உன்னாண்ட கேட்டா அழுவன்னு, கம்ப்யூட்டர்லயே பார்த்து எடுத்துட்டோம். தோ, பேப்பரே கீது" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நீ போட்ட பக்கம்.

இரண்டு பேரும் ஒரே குழியில் இருக்கிறார்கள். கல்லில் பெரியவன் பெயர், சின்னவன் பிறந்த நாள். அவனுடைய டீமில் இருந்தவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள், அழுதுகொண்டிருந்தார்கள். அங்கே நின்று நான் என்ன சொல்ல முடியும்? நல்லா இருக்கு என்றேன்.

நான் சொல்லும்வரை அந்தப் பக்கத்தைத் தொடாதே.

அம்மா


மஸ்கட்
15.4.2008

அம்மா,

சந்தோஷமான விஷயம், அதனால் உன் கடிதத்துக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். தேசப்பன் மாமா கல் போட்டோவை மெயிலில் அனுப்பியிருந்தார். கறுப்புக் கல், பொன் எழுத்து. நீ பக்கத்தில் நிற்கிறாய், ரொம்ப மெலிந்துவிட்டாய்.

போட்டோவை ஆதாரமாகப் போட்டுவிட்டேன். பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, அடிக்கடி மாற்றுகிறார்கள் என்று பக்கத்தையே பூட்டிவிட்டார்கள். இனி ஏழாம் நம்பர் என்ன, நானே நினைத்தாலும் மாற்ற முடியாது. மற்ற இரண்டு பக்கங்களும் இதைப் பார்த்துத் திருத்திக்கொண்டன. சூளூர்பேட்டையும் போய்விட்டது. மூன்று இடத்திலும் இப்போது ஒரே தேதி.

அண்ணனுக்கு ஒன்றாவது செய்தேன் அம்மா. மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் தூங்கினேன்.

ஏஞ்சலின்


மஸ்கட்
3.5.2008

அம்மா,

கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது.

படித்ததும் ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பூட்டியது பூட்டியபடி இருக்கிறது. 'ஆதாரம்: கல்லறைக் கல்' என்று கீழே என் பெயர். நான் போட்டதைப் பார்த்துக் கல் வெட்டினார்கள். அந்தக் கல்லைக் காட்டி நான் நிரூபித்தேன். யாரிடம் போய்ச் சொல்வது?

நிஜத்தைச் சொல்லலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். மெடல் போகும். போகட்டும் என்றும் நினைத்தேன். ஆனால் அது அண்ணன் ஒருவனுடைய மெடல் இல்லை. டீமில் பன்னிரண்டு பேர். அதை வைத்து வேலை வாங்கினவர்கள் இருக்கிறார்கள். கல்லுக்குப் பக்கத்தில் நின்று அழுதார்கள் என்றாயே, அவர்கள். ஒருவன் வயது தப்பு என்றால் பன்னிரண்டு பேரிடமும் வாங்கிவிடுவார்கள். பேப்பரில் போடுவார்கள். 'பென்னி' என்று தேடினால் முதல் வரியில் அதுதான் வரும். அவன் பாய்ந்ததெல்லாம் அப்புறம் யார் கண்ணுக்குத் தெரியும்?

அதனால் சொல்ல வேண்டாம். நீயும் யாரிடமும் சொல்லாதே. உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இங்கே ஒரு ரூமில் ஆறு பேர் இருக்கிறோம், தமிழ் படிக்கிறவர்கள் இரண்டு பேர்.

பாக்கியராஜ் அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பொய்யன் என்று எழுதியது இன்னும் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது, அதையும் அழிக்க முடியவில்லை.

1982-ல் குருத்தோலை ஞாயிறு என்றைக்கு என்று தேடினேன். ஏப்ரல் நாலு. அப்படியென்றால் அண்ணன் பிறந்தது ஏப்ரல் மூன்று, சனிக்கிழமை. உனக்கு இது தெரியுமா? இந்த வருஷம் அந்த நாளில் நான் டபுள் டியூட்டி பார்த்தேன். ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

பழைய குழி என்று கத்தினேனே. அதை நீ மறந்துவிடு என்று எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தம்பி பக்கத்திலேயே வைத்துவிட்டாய் என்று இப்போதுதான் புரிகிறது. அவன் எனக்கும் ஒரு அண்ணன். அவனைப் பற்றி இன்னும் எழுது. வெள்ளையா கறுப்பா, யார் சாயல், எதற்குச் சிரிப்பான், எல்லாம் எழுது. இந்தத் தடவை கிழிக்க மாட்டேன்.

ஜனவரியில் பாஸ்போர்ட் கொடுத்துவிடுவார்கள். வருகிறேன்.

அம்முலு


கும்மிடிப்பூண்டி
13.6.2008

அம்முலு,

சின்னான் கறுப்பு. உன் நெற்றிதான் அவனுக்கும். பென்னி தலைகீழாக நின்று காட்டினால் சிரிப்பான். வேறு யார் செய்தாலும் சிரிக்க மாட்டான். பதினோரு மாதத்தில் இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இன்னும் இருந்திருக்கும், பார்க்க நேரமில்லை. சூளையில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் மூன்று என்று எனக்குத் தெரியாது. நீ எழுதித்தான் தெரிந்தது. அவன் போன பிறகு அவன் பிறந்த நாளைக் கம்ப்யூட்டர் எனக்குச் சொல்கிறது. கறுப்பாக விழுந்த தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன்.

பாக்கியராஜிடம் சொன்னேன். "உடு பெரிம்மா, அது சொல்லாம யாரு சொல்லப் போறா" என்றான். அவன் கடை வாசலில் ஏழு என்று பெரிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறான். வேறு ஒன்றும் எழுதவில்லை.

நேற்று ஜூன் பன்னிரண்டு.

சின்னான் போனதிலிருந்து இருபத்து மூன்று வருஷமாக இந்த ஒரு நாள் நான் கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகப் போவேன். ஷிப்ட் மாற்றிக்கொண்டு போவேன். உங்கப்பா கூட வந்ததில்லை. ஒரே ஒரு மெழுகுவத்தி. ஏற்றி வைத்துவிட்டு, அது பாதி கரையும் வரை உட்கார்ந்திருப்பேன். வருஷத்தில் அந்த ஒரு நாள் அவன் எனக்கு மட்டும் பிள்ளை.

நேற்றும் ஒரு மெழுகுவத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. தேசப்பன், சங்கத்துக்காரர்கள், பனியன் போட்ட பிள்ளைகள் முப்பது பேர் இருப்பார்கள். பலூன் கட்டியிருந்தார்கள். கல்மேல் கேக் வைத்திருந்தார்கள்.

"உன்ன இட்டார ஊட்டுக்கு ஆள் அனுப்பிகிறேன், நீ இங்க வந்துட்டியே கிரேஸம்மா. நீயே வந்து வெட்டு. பென்னி பொறந்த நாள வருசா வருசம் சங்கம் கொண்டாடும், மீட்டிங்குல தீர்மானம் போட்டாச்சு" என்றார் தேசப்பன்.

இருபத்து நாலு மெழுகுவத்தி ஏற்றினார்கள். பிள்ளைகள் கை தட்டிப் பாடினார்கள். ஒரு பெண் பிள்ளை, கபடி ஆடுகிறதாம், என் இடுப்பைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, அத்தயும் குடுங்க, ஏத்திடலாம்" என்று கை நீட்டியது. "இது வேற" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டது. கேக்கை வெட்டினேன். எல்லார் வாயிலும் ஊட்டினேன். எனக்கும் ஒருவர் ஊட்டினார், முழுங்கினேன்.

எல்லாரும் போன பிறகு ஏற்றலாம் என்று காத்திருந்தேன். தேசப்பன் போகவில்லை. என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்று நின்றுகொண்டே இருந்தார். நல்ல மனுஷன். கடைசியில் அவர் வண்டியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். மெழுகுவத்தி இடுப்புச் சூட்டில் வளைந்துவிட்டது. இப்போது அரிசி டப்பாவில் இருக்கிறது, அந்தச் சீட்டு இருந்த இடத்தில்.

நீ சொன்னதுதான் சரி. யாரிடமும் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேர் வீட்டில் அடுப்பு எரியட்டும். பென்னி பெயர் நன்றாக இருக்கட்டும். அவனுக்கு இப்போது இரண்டு நாள் இருக்கிறது, ஒன்று ஊருக்குத் தெரிந்தது, ஒன்று நம் மூன்று பேருக்குத் தெரிந்தது.

ஆனால் ராத்திரி படுத்தபோது சின்னானை நினைத்தேன். அவனுக்குக் கல் இல்லை, படம் இல்லை, நெட்டில் பக்கம் இல்லை. இருந்த ஒரு நாளையும் முப்பது பேர் கை தட்டி அவன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேக்கை வெட்டினது என் கைதான்.

நீ நிறையப் படித்தவள், குருத்தோலை ஞாயிற்றையே தேடி எடுத்தவள். எனக்கு ஒன்று மட்டும் தேடிச் சொல். அடுத்த வருஷம் அந்த மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு என் சின்னானிடம் நான் எந்த நாளில் போகட்டும்?